பச்சை கிரீஸ்

ரிவர்ஸ் விழுந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. லீவரை இழுத்ததும் கார் ஒரு உதறல்கூட இல்லாமல் ஷெட்டை விட்டு வெளியே வந்து, மக்காச்சோளக் கொல்லை ஓரமாகப் போய் நின்றது. என் கையால், என் சாப்பாட்டு மேஜையில் பிரித்துக் கட்டிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். “அடி வெல்டா, நீயா இது!” என்று என்னை நானே மெச்சிக்கொண்டு லீவரை முன்னால் போகிற டிரைவுக்குத் தள்ளினேன்.

இன்ஜின் உறுமியது. கார் அசையவில்லை. இரண்டாவதுக்குத் தள்ளினேன், முதலாவதுக்குத் தள்ளினேன். ஆக்சிலரேட்டரை மிதித்த மிதியில் சோளக்கொல்லையில் இருந்த காக்கைகள்தான் கிளம்பிப் போயின, கார் போகவில்லை. மறுபடி ரிவர்ஸ் போட்டால், ஆகா, வெண்ணெயாக ஓடுகிறது.

வராண்டாவில் என் புருஷன் ஹார்லன் காப்பிக் கோப்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தான்.

“என்ன வெல்டா, வண்டிக்கு முன்னாடி போக மனசில்லையா?”

“எண்ணெய் இன்னும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரல.”

“சேரும், சேரும். மேஜை மேல எத்தனை பார்ட்டு மிச்சம் கெடக்குன்னு மொதல்ல போய்ப் பாரு.”

“ஒண்ணும் மிச்சமில்ல!”

“அப்ப பூனை தின்னுருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கோப்பையைப் பிடுங்கி அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் மதியம் எங்கள் மாவட்டச் சந்தைத் திருவிழாவில் பெண்களுக்கான மோதல் போட்டி. பழைய கார்களின் கண்ணாடிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மண் திடலுக்குள் விட்டு, ஒன்றோடு ஒன்று இடிக்க விடுவார்கள். கடைசிவரை எவளுடைய கார் நகர்கிறதோ அவள்தான் ஜெயித்தவள். ரேடியேட்டர் மூக்கில் இருப்பதால், மூளை உள்ளவள் பின்பக்கத்தால்தான் இடிப்பாள். ரிவர்சில் வந்து ஒரு இடி, முன்னால் கொஞ்சம் போய் வேகத்துக்கு இடம் எடுத்துக்கொண்டு, மறுபடி ரிவர்சில் ஒரு இடி. அவ்வளவுதான் வித்தை.

இந்த வயதில் இது எதற்கு என்று சர்ச்சில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். காரணம் இருக்கிறது. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். யார் மேலும் உரசாமல் ஓட்டுகிறேன் என்று மாவட்டம் எனக்கு வருஷா வருஷம் ஒரு சான்றிதழ் கொடுக்கும். ஹாரனை அலற விட்டுக்கொண்டு முந்திப் போகிற ஒவ்வொரு பிக்கப் காரனையும் பார்த்துச் சிரித்துக் கையசைத்தே என் காலம் போய்விட்டது. சிரிக்கச் சிரிக்க உள்ளே என்னவோ சேர்ந்துகொண்டே வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, மனசார, நன்றாக ஒரு இடி இடிக்க வேண்டும். நகை நட்டு என்று நான் எதையும் கேட்டதில்லை, இதைத்தான் கேட்டேன்.

யாரிடம் கேட்டேன்? ஹார்லனிடம். இந்தப் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்துக் கட்டுகிற கடை அவனுடையது ஒன்றுதான். அவன் தங்கை ட்வைலாவுக்கு ஒவ்வொரு வருஷமும் போட்டிக் காருக்கு கியர்பாக்ஸ் கட்டிக் கொடுப்பது அவன்தான். அவளும் ஒவ்வொரு வருஷமும் ஜெயித்துவிட்டு, கோப்பையைக் கொண்டுவந்து என் வீட்டு மேஜையில் வைத்துக்கொண்டே சாப்பிடுவாள். எனக்கு என்றால் மட்டும் “அடுத்த வருஷம் பாப்போம் கண்ணு.” இந்த வருஷமும் அதே “அடுத்த வருஷம்” வந்தபோது, “சரிதான் போய்யா” என்று நானே ஒரு ஓட்டை ஸ்டேஷன் வேகன் காரைப் பிடித்து வந்து, நூலகத்தில் பழுதுபார்க்கும் புத்தகத்தை எடுத்து, வேலையில் இறங்கிவிட்டேன்.

கோடை முழுவதும் நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டுதான் சாப்பிட்டோம். மேஜையைக் கியர்பாக்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டது. கழற்றிய பாகங்களைக் கழற்றின வரிசையிலேயே கேக் அச்சுகளில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தேன். எண்ணெய்க்குப் பாதை காட்டுகிற வால்வ் பாடியைப் பாத்திரம் கழுவுகிற மெஷினில் போட்டேன். பளிச்சென்று வந்தது, ஆனால் ஒரு வாரத்துக்குக் காப்பியில் கியர் எண்ணெய் வாடை. ஹார்லன் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்ப்பான்.

“என்ன, தப்பா பண்றேனா?” என்பேன்.

“நான் ஒண்ணும் சொல்லலையே. இது கேக்கு இல்ல வெல்டா, வேகலன்னா இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல வெக்கிறதுக்கு.”

மிதப்பு! வயிறு எரியுமா எரியாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார் முன்னால் போகவில்லை. அழுதால் போகுமா? ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்தேன். சின்னதிலிருந்து பெரியதுக்குப் போ என்று புத்தகம் சொல்கிறது. எண்ணெய் அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. லீவரிலிருந்து கீழே வருகிற கம்பி ஒவ்வொரு கியருக்கும் ஒழுங்காக நகர்கிறதா என்று பார்த்தேன், நகர்ந்தது. கேஜை மாட்டி எண்ணெய் அழுத்தம் பார்த்தேன், முள் கம்பீரமாக நின்றது. பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. ரிவர்சுக்கு ஒரு கிளட்ச் கூட்டம், முன்னால் போகிற எல்லாக் கியருக்கும் பொதுவாக இன்னொரு கிளட்ச். அந்த முன் கிளட்ச் மட்டும் பிடிக்கவில்லை என்பது தெளிவாகிவிட்டது.

இங்கேதான் எனக்கு இடித்தது. ஏனென்றால் அந்தக் கிளட்சை நான் சோதித்திருந்தேன். ஒவ்வொரு கிளட்சுக்கும் எண்ணெய் போக ஒரு துளை உண்டு. அதில் கம்ப்ரசர் காற்றை ஊதினால் உள்ளே பிஸ்டன் போய் ‘டப்’ என்று முட்டும். டப் வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம் ஒழுகாமல் பிடிக்கிறது என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேஜையில் வைத்து எல்லாவற்றிலும் ஊதிப் பார்த்தேன். டப், டப், டப். ஒவ்வொரு டப்புக்கும் சோபாவில் இருந்த ஹார்லன் டிவி சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான். அவன் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினேன். என் தலைமுடியெல்லாம் சிவப்பு எண்ணெய். வால்வ் பாடியை மெதுவாக இறக்கினேன். அதற்குள்ளே மிளகை விடக் கொஞ்சம் பெரிசாக எஃகுக் குண்டுகள் சில இருக்கும். மாட்டும்போது உருண்டு ஓடாமல் இருக்க ஏதாவது பசையால் ஒட்டி வைக்க வேண்டும். நான் குளியலறை அலமாரியில் இருந்த வாசலினால் ஒட்டி வைத்திருந்தேன்.

குண்டுகளைச் சுற்றி பச்சை கிரீஸ் இருந்தது.

விரலால் தொட்டுப் பார்த்தேன், பல்லிடுக்கில் வைத்துக்கூடப் பார்த்தேன். வாசலின் பச்சையாகாது. என் வீட்டில் பச்சை கிரீஸ் இருந்ததே கிடையாது. கியர்பாக்ஸ் கடைக்காரர்கள் டப்பா டப்பாவாக வாங்குகிற சரக்கு அது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த டப்பா இருக்கிற அலமாரி ஒன்றே ஒன்றுதான். அந்த அலமாரியின் சாவி என் புருஷன் இடுப்பில் தொங்குகிறது.

முன் கிளட்ச் துளையில் காற்றை ஊதினேன். டப் வரவில்லை. ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஊதிக்கொண்டே இருந்தது, ஒழுக்கு. அந்த ரப்பர் வளையத்துக்கு ஒரு உதடு உண்டு. எண்ணெய் வருகிற பக்கம் பார்த்து அது இருந்தால் அழுத்தத்தைப் பிடிக்கும், திருப்பி மாட்டினால் எண்ணெய் எல்லாம் ஓரமாக வழிந்து போய்விடும். நான் அதைச் சரியாக மாட்டினேன். அதற்கப்புறம் யாரோ கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! புதன்கிழமை மதியம் சர்ச்சில் கூட்டு விருந்து. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்துகொண்டு போய் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். கட்டி முடித்த கியர்பாக்சை மேஜைவிரிப்பால் மூடிவிட்டுப் போனேன். ஹார்லன் வரவில்லை, வயிறு சரியில்லையாம். ஓசிச் சாப்பாட்டை வாழ்நாளில் ஒரு தடவைகூட விடாதவன்! வியாழக்கிழமை பக்கத்துப் பண்ணையிலிருந்து ஜாக்கி கொண்டுவந்து நான் அதைக் காரில் ஏற்றியபோது, “பாத்து, பாத்து” என்று இரண்டு தடவை சொன்னான். பெரிய அக்கறை என்று நினைத்தேன் நான், மடச்சி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

காருக்கு அடியில் படுத்துக்கொண்டே யோசித்தேன். நேராகப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். ஆனால் வேண்டுமென்றே கெடுத்தானா, தெரியாமல் செய்தானா? அவனாகச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று கை கழுவிக்கொண்டு உள்ளே போனேன். சோளம் வேகவைத்து, வெண்ணெய் தடவி, அவன் தட்டில் வைத்தேன்.

“ஹார்லன், ஒரு சந்தேகம். ரிவர்ஸ் நல்லா விழுது. முன்னாடி போற கியர் ஒண்ணுகூட விழல. என்னவா இருக்கும்?”

தொழிலைப் பற்றிக் கேட்டால் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். சோளத்தை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

“முன் கிளட்ச்தான். பிஸ்டன் வளையத்தைத் திருப்பி மாட்டியிருப்ப. புதுசா கட்டறவங்க எல்லாரும் பண்றதுதான்.”

“பிரிச்சுப் பாக்காமலே சொல்லிட்டியே!”

“அனுபவம் கண்ணு, அனுபவம்.”

“அப்ப இந்தத் தப்பைப் புதுசா கட்டறவங்க மட்டும்தான் பண்ணுவாங்களா? பழக்கப்பட்டவன் எவனாவது மூக்குக்கண்ணாடி போடாம மாட்டினா?”

மறுபடி சோளத்தை எடுக்கப் போன கை நின்றது. காது மடல் இரண்டும் சிவந்தன. அவ்வளவுதான், எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே கெடுத்தவனாக இருந்தால் நக்கலடித்துச் சமாளித்திருப்பான். வேண்டுமென்று செய்யவில்லை, எங்கேயோ தடுமாறியிருக்கிறான். ‘சொல்லுடா, இப்போது சொல்லிவிடு, மன்னித்து இன்னொரு சோளமும் வைக்கிறேன்’ என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“பழக்கப்பட்டவன் கண்ண மூடிக்கிட்டு விரலாலயே மாட்டுவான்” என்றான். “நீதான் மாத்தி மாட்டிருக்க. வேற யாரு? மனசைத் தளர விடாத, அடுத்த வருஷம் நானே கட்டித் தரேன்.”

அடப்பாவி! குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். கார் ஓடாதது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. கோடை முழுக்க நகக்கண்ணில் எண்ணெய் ஏற, ஒவ்வொரு தட்டையும் வளையத்தையும் மூன்று தடவை சரிபார்த்து நான் கட்டியதை, நீதான் கெடுத்தாய் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். நான் சரியாகத்தான் கட்டினேன். அதை அவன் வாயால், நாலு பேர் கேட்கச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கியர்பாக்சை இறக்கி, பிரித்து, மாட்ட நேரமில்லை. ஒருத்தியாகச் செய்தால் போட்டி முடிந்த பிறகுதான் முடியும். அதுவுமில்லாமல், பிரித்துவிட்டால் சாட்சி போய்விடும். வால்வ் பாடியைப் பச்சை கிரீசோடு அப்படியே திருப்பி மாட்டி, எண்ணெய் ஊற்றி மூடினேன். ரிவர்ஸ் இருக்கிறது. இடிப்பதற்கு ரிவர்ஸ் போதும்.

சனிக்கிழமை மதியம் திடல் வாசலில் கார்களை வரிசையாகச் சோதனை போட்டுக்கொண்டிருந்தான் வெர்ஜில். சந்தைக் கமிட்டியில் ஆள் குறைவு, அதனால் சோதிக்கிறவனும் அவனே, அப்புறம் மைக்கைப் பிடித்து அறிவிக்கிறவனும் அவனே. பக்கத்துப் பண்ணை டிராக்டர் சந்தைவரை இழுத்து வந்து விட்ட, பள்ளிக்கூட பஸ்சின் மஞ்சள் நிறத்தை அடித்திருந்த என் வேகன் பின்பக்கமாக வந்து அவன் முன்னால் நின்றது.

“சுத்தி வா வெல்டா. முன்பக்கமா ஓட்டிக் காட்டு.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? கார்னா முன்னால போவணும்ல?”

“விதியில அப்படி எழுதியிருக்கா? படி பாப்போம்.”

வெர்ஜில் கையிலிருந்த தாளை மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தான். “கார் தன் சொந்த பலத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டும்.” தலையைச் சொறிந்தான். எந்தப் பக்கமாகத் தாண்ட வேண்டும் என்று குறிக்க, விதி எழுதியவனுக்குத் தோன்றவில்லை. நான் பின்பக்கமாகக் கோட்டைத் தாண்டி, பிரேக் போட்டுக் காட்டி, உள்ளே போனேன்.

கேலரியில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “வெல்டா, அது நாளைக்குப் போற வண்டியா, நேத்திக்குப் போற வண்டியா?” என்று ஒருவன் கத்தினான். பக்கத்தில் தன் சிவப்புக் காரின் மேல் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்த ட்வைலா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“அண்ணன்கிட்ட குடுத்திருக்கக் கூடாதா? வீட்டுல கட்டினா இப்படித்தான்.”

“உங்கண்ணன் கை பட்டதாலதான்டி இப்படி இருக்கு.”

“என்ன சொன்ன?”

“ஒண்ணுமில்ல. கொடி அசைக்கட்டும், சொல்றேன்.”

கொடி அசைந்தது. ஆறு கார்கள் பின்பக்கத்தோடு பின்பக்கம் பார்த்து நின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். அம்மாடி! முதல் இடி பச்சைக் கார் ஒன்றின் பின்சக்கரத்துக்கு மேலே விழுந்தது. என் பல்லெல்லாம் ஆடிப்போயிற்று. எத்தனை வருஷத்துச் சிரிப்பும் கையசைப்பும் அந்த ஒரு இடியில் வெளியே போயிற்று. “யாருடா ஹாரன் அடிச்சது!” என்று கத்தினேன். யாரும் அடிக்கவில்லை. சும்மா கத்தினேன், சுகமாக இருந்தது.

முன்னால் போக முடியாததால் வேகத்துக்கு இடம் எடுக்கப் பெரிய வட்டமாகச் சுற்ற வேண்டியிருந்தது. அது எனக்குப் பிரச்சினையே இல்லை. பண்ணை வீட்டு ஒற்றையடித் தடங்களில் நாற்பது அடி பஸ்சைப் பின்பக்கமாக எடுக்கிறவள் நான். கழுத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். இவள் எப்போது நிற்பாள், எந்தப் பக்கம் வருவாள் என்று மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை. ஒருத்தியின் சக்கரம் மடங்கியது. ஒருத்தியின் ரேடியேட்டர் ஆவியாகப் போனது. இன்னும் இரண்டு பேர் ஒருத்தியோடு ஒருத்தி சிக்கிக்கொண்டு, கதவில் கட்டியிருக்கிற தோல்விக் குச்சியைத் தங்கள் கையாலேயே உடைத்தார்கள். ஓடுகிற கார் இரண்டுதான் மிச்சம். நானும் ட்வைலாவும்.

கேலரி எழுந்து நின்றது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் சுற்றி வந்து முழு வேகத்தில் அவள் பின்பக்கத்துக்குக் குறி வைத்தேன். ட்வைலா கெட்டிக்காரி, கடைசி நொடியில் முன்னால் நகர்ந்துவிட்டாள். நான் அவளைத் தாண்டிப் போய்த் திடலோரத்து மண்மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பின்சக்கரம் இரண்டும் மண்ணைத் தோண்டின. முன்னால் ஒரு முழம் போனால் போதும், வெளியே வந்துவிடலாம். டிரைவுக்குத் தள்ளினேன். இன்ஜின் உறுமியது. ஒரு முழம், ஒரே ஒரு முழம்! ட்வைலா பின்பக்கமாக வந்து என் மூக்கில் ஒன்று வைத்தாள். இன்னும் ஆழமாகப் புதைந்தேன். ஒரு நிமிஷத்துக்குள் இடிக்காதவள் தோற்றவள் என்பது விதி. வெர்ஜில் கொடியை இறக்கிவிட்டான்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு வெர்ஜில் திடலுக்குள் வந்தான். “இரண்டாம் பரிசு வெல்டா ப்ரூயிட்! வீட்டு மேஜையில கட்டின கியர்பாக்சுங்க மக்களே! பாதி வேலை செஞ்சதே அதிசயம்!”

கேலரி சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம், புகை இல்லை. பாதியில்லை, முழுசாகக் கட்டினேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. யார் நம்புவார்கள்?

சந்தைக்கு இழுவை லாரி ஓட்டுகிறவன் ஹார்லன். கதவில் தங்க எழுத்தில் கடைப் பெயர் போட்ட, வசந்தத்தில்தான் பெயின்ட் அடித்த அந்த லாரியைக் கொண்டுவந்து, என் முன் பம்பரில் சங்கிலி மாட்டி, மேட்டிலிருந்து இழுத்து விட்டான். இறங்கிச் சங்கிலியைக் கழற்றும்போது என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ரிவர்ஸ் போட்டேன். ஒரு பெரிய வட்டம் சுற்றினேன். என் காரின் பின்பக்கம் அவனுடைய லாரிக் கதவுக்கு நேராக, இரண்டு கார் நீளத்தில் வந்ததும் பிரேக் போட்டேன்.

“வெர்ஜில், அந்த மைக்க அவன்கிட்ட குடு.”

“என்ன பண்ற வெல்டா?” என்றான் ஹார்லன்.

“ஒண்ணும் பண்ணல. பச்சை கிரீஸ் பத்திச் சொல்லு.”

அவன் முகம் வெளுத்தது. “வீட்டுல போய்ப் பேசிக்கலாம் கண்ணு.”

பிரேக்கைக் கொஞ்சம் விட்டேன். கார் ஒரு முழம் பின்னால் போனது.

“சொல்றேன், சொல்றேன்! நிறுத்து!” மைக்கை வாங்கினான். “புதன்கிழமை இவ விருந்துக்குப் போனப்ப நான் அந்தக் கியர்பாக்சைப் பிரிச்சேன்.”

“ஏண்ணா?” என்று தன் கார் மேலிருந்து ட்வைலா கத்தினாள்.

“தப்பு இருக்கும்னு நெனச்சேன். சரி பண்ணி வெச்சிட்டு வாயத் தெறக்காம இருந்துடலாம்னு பாத்தேன்.”

“தப்பு இருந்துச்சா?” என்றேன் நான்.

அவன் ஏதோ முனகினான்.

“மைக்ல சொல்லு. பின்வரிசைக்குக் கேக்கல.”

“இல்லன்னேன்! ஒரு தப்பும் இல்ல! நான் கட்டின மொத கியர்பாக்சு ஒரு வாரம்கூட ஓடல. இவ கட்டின மொத கியர்பாக்சுல குத்தம் சொல்ல ஒரு நட்டுகூட இல்ல. என்னால நம்ப முடியல. அந்த வளையத்தக்கூட உருவிப் பாத்தேன். அப்ப வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டுச்சு. இவதான்னு பயந்துபோய் அவசர அவசரமா மாட்டினேன். தபால்காரன் அது.”

“தப்பா மாட்டினது யாரு?”

“நான்தான்.” அவன் குரல் இறங்கிவிட்டது. இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். “நேத்தே சொல்லியிருக்கணும். நீ செஞ்சது சரியா இருந்துச்சுன்னும் சொல்லணும், நான் செஞ்சது தப்புன்னும் சொல்லணும். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்ல வாய் வரல, வெல்டா.”

கேலரியில் ஒருவன் எழுந்து, “யோவ் ஹார்லன், என் வண்டி உன் கடையிலதான்யா கெடக்கு!” என்று அலறினான். சிரிப்பு வெடித்தது. இந்தத் தடவை அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை. என் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் இறங்கியது. போதும், வீட்டுக்குப் போகலாம் என்றுகூட நினைத்தேன்.

ட்வைலா தன் காரிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “அப்ப நான் ஜெயிச்சது உன்னால. இவ புதைஞ்சு உக்காந்ததும் உன்னால. இவளுக்கு ஒரு இடி பாக்கி இருக்குண்ணா.”

ஹார்லன் லாரியைப் பார்த்தான். தங்க எழுத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்து, சீட்டிலிருந்த தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

“பெல்ட்டு இறுக்கமா இருக்கா?” என்று கேட்டான்.

இருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.